காணிக்கையில் வளர்ந்த கல்லூரியிடம் கணக்குக் கேட்பது யார்?



இது நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்திருந்தால் மூடி வைத்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

நம் பக்கத்துச் சேகரங்களில் மறுபடியும் தேர்தல் பேச்சு கிளம்பிவிட்டது. எந்த அணியில் யார், பெருமன்றத்துக்கு யார் போகிறார், அடுத்த லே செயலர் யார், எந்தக் கல்லூரிக்கு யார் தாளாளர் என்று பத்து நாளாக என் போனில் இதே செய்திதான். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். சிலர் இன்று சேகர மன்றத்தில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் குருவானவர்கள், நான்கைந்து பேர் நம் கல்லூரிகளிலேயே பாடம் நடத்துகிறீர்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் பதில் போடாமல் இங்கே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும், கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் "இது உங்க சர்ச்சு விஷயம் டீச்சர்" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்களில் பலரும் படித்தது இந்தக் கல்லூரிகளில்தான். உதவி பெறும் கல்லூரி என்றால் அங்கே பாடம் நடத்துகிறவருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. அது உங்கள் வரிப்பணம். கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

நான் கேட்பது ஒரே கேள்வி. ஒரு கிறிஸ்தவக் கல்லூரி, தான் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கு உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்? சபைதான் என்பது என் பதில். ஆனால் இன்று சபை பார்த்துக்கொண்டிருப்பது அதை அல்ல. அதைப் பார்க்காமல், யாருக்கு எந்த நாற்காலி என்று பார்க்கிறோம்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

சாயர்புரத்தை எல்லோருக்கும் தெரியும். சாயர் என்ற வியாபாரி, விசுவாசிகள் குடியிருக்க வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழும்பிய ஊர். 1839-ல் பத்தொன்பது வயதுப் பையனாக இந்தியாவுக்கு வந்த ஜி.யூ. போப், அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு செமினரி நடத்தினார். பனையேறிகளின் பிள்ளைகள் அங்கே தமிழோடு கிரேக்கமும் லத்தீனும் படித்தார்கள். "பனையேறி மகனுக்கு லத்தீன் எதுக்கு?" என்று அன்றைக்கே கேட்டிருப்பார்கள். இப்போதும் வேறு வார்த்தையில் அதைத்தானே கேட்கிறோம். பின்னாளில் 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் அதே போப்தான். பிற சமய நூலைப் படித்ததால் அவருடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை. "கிறிஸ்தவக் கல்லூரியில் கிறிஸ்தவம் மட்டும்" என்று பேசுகிற தம்பிமார் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனம் 1880-ல் இரண்டாம் நிலைக் கல்லூரியானது. 1883-ல் கால்டுவெல் அதைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். ரயில் வந்துவிட்ட, கப்பல் வந்து நிற்கிற, வியாபாரம் பெருகுகிற நகரம். கால்டுவெல் கல்லூரி என்று பேர் விளங்கியது. ஆனால் நெடுநாள் நிலைக்கவில்லை. கல்லூரி போய்ப் பள்ளிக்கூடம் மட்டும் நின்றது. சாயர்புரத்தில் மறுபடி ஒரு கல்லூரி எழும்ப 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போப் பெயரிலேயே அது எழும்பியது.

அந்த 1883 இடமாற்றத்தில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கல்லூரி யாருக்கு? கிராமத்து ஏழை விசுவாசி வீட்டுப் பிள்ளைக்கா, நகரத்தில் வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நகரத்துக்குப் போனால் பல சமயத்தாரோடும் பழகலாம். கிராமத்தில் இருந்தால் வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கும். நூற்று நாற்பது வருஷம் ஆகியும் இந்தக் கேள்வியை நாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை என்பது என் வருத்தம்.

சென்னையிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தவர் வில்லியம் மில்லர். 1862-ல் வந்தவர், 1907 வரை முதல்வர். அவரிடம் படித்த இந்துப் பிள்ளைகள் ஏராளம். காசு அனுப்பிய ஸ்காட்லாந்து சபையாரில் ஒரு சாராருக்கு இதில் திருப்தி இல்லை. "இத்தனை வருஷத்தில் எத்தனை ஞானஸ்நானம்?" என்று கேட்டார்கள். மில்லர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கிறிஸ்துவின் எண்ணம் ஒரு சமுதாயம் முழுக்க மெல்லப் பரவுவதே கல்லூரியின் வேலை, தலை எண்ணுவது அதன் வேலை அல்ல என்பது அவர் நிலை. அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சபை கேள்வி கேட்டது, முதல்வர் பதில் சொன்னார். இரண்டு பேருமே கல்லூரியின் நோக்கத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். காலிப்பணியிடத்துக்காகப் போட்ட சண்டை அல்ல அது.

அடுத்து 1930-ல் ஒரு குழு இந்தியாவுக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரித் தலைவர் ஏ.டி. லிண்ட்சே அதற்குத் தலைமை. இந்தியர்களும் உறுப்பினராக இருந்தார்கள். நாடு முழுவதும் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பார்த்து 1931-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொன்னால் இப்படி: பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆள் தயாரிக்கும் வேலையில் கல்லூரிகள் மூழ்கிப்போய்விட்டன, சுற்றியுள்ள சபையோடும் கிராமத்து மக்களோடும் தொடர்பு விட்டுப்போயிற்று, ஆராய்ச்சியும் மக்கள் நடுவே வேலையும் வேண்டும், பொறுப்பு இந்தியர் கைக்கு வர வேண்டும்.

இதில் கடைசி ஒன்று நடந்துவிட்டது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷனெரி போனார், நம் ஆள் வந்தார். 2003-ல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து பிரிந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாக ஆனபோது பொறுப்பு இன்னும் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. மற்ற மூன்றும்? தேர்வு, தேர்வு, தேர்வு. தொண்ணூற்றைந்து வருஷத்துக்கு முன் எழுதிய குறிப்பை இன்று தேதி மாற்றி ஒட்டினாலும் பொருந்தும்.

கத்தோலிக்கச் சொந்தங்கள் சிரிக்க வேண்டாம். கேள்வி உங்களுக்கும் உண்டு. இந்த முத்துக்கரையில் கல்வியும் சபையும் சேர்ந்தே வந்தவை. புன்னைக்காயலில் இருந்த ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்தது 1578-ல். முத்துக்குளிக்கிறவன் மொழியிலேயே எழுதி அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்த மனுஷன் அவர். 1948-ல் தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி வந்த பிறகுதான் எத்தனையோ கடலோர வீட்டுப் பெண்பிள்ளைகள் வெளியூர் போகாமல் பட்டம் வாங்கினார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் படித்த மூன்று தலைமுறை உண்டு.

உங்கள் பக்கம் விதி எழுத்திலேயே இருக்கிறது. இரண்டாம் அருள் சின்னப்பர் 1990 ஆகஸ்டு 15-ல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக ஒரு சாசனம் வெளியிட்டார். ஆயருக்கு மேற்பார்வைப் பொறுப்பு உண்டு, ஆனால் அவர் வெளியிலிருந்து வந்து அதட்டும் அதிகாரியைப் போல இல்லாமல் அந்த நிறுவன வாழ்க்கையில் பங்குள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆய்வுச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது. ஏழைகளுக்கும் சிறுபான்மையாருக்கும் உயர்கல்வி எட்டும்படி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சாசனம். அதை வைத்து நம் ஊர்க் கல்லூரிகளை யாராவது வருஷத்துக்கு ஒரு முறையாவது அளந்து பார்க்கிறார்களா என்பதே என் கேள்வி.

மேற்பார்வையே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். ஹார்வர்டு 1636-ல் தொடங்கியது, சபைக்குப் படித்த போதகர் வேண்டும் என்பதற்காக. கிறிஸ்துவுக்கும் சபைக்கும் என்ற சொல் அதன் பழைய முத்திரையில் இருந்தது. இன்று உலகத்தின் பெரிய பல்கலைக்கழகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் நோக்கம் மிஞ்சவில்லை. யாரும் ஒரே நாளில் அதைத் தூக்கி எறியவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை கேட்க ஆள் இல்லாமல் கழன்று போனது.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நம் மதுரை. 1881-ல் பசுமலையில் அமெரிக்க மிஷனெரிகள் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியில், 2008-ல் பேராயர் தரப்புக்கும் முதல்வர் தரப்புக்கும் பெரும் பிணக்கு வந்தது. ஆசிரியரும் மாணவரும் போராட்டத்தில் இறங்கினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. செய்தித்தாளில் நாள்தோறும் படித்தோம். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வருஷங்களில், "ஏழை மாணவருக்கு இந்தக் கல்லூரி என்ன செய்கிறது" என்று இரண்டு தரப்பும் மேடை போட்டு விவாதித்ததாக நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அதிகாரம் யாருக்கு என்பதே படித்ததெல்லாம். மேற்பார்வை என்ற பேரில் பிடிமானம் மட்டும் மிஞ்சினால் இப்படித்தான் முடியும்.

சபைத் தேர்தல் வழக்குகள் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போவது இப்போது செய்தியே இல்லை என்றாகிவிட்டது. 2024 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு நிர்வாகத்தையே பார்க்கச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை உயர் நீதிமன்றம் நியமித்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் வீட்டுக் கணக்கை நாம் ஒழுங்காகப் பார்க்காதபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டிவருகிறது. அந்த நீதிபதிகள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் ஒரு கல்லூரியின் ஆவிக்குரிய நோக்கத்தை நீதிமன்றம் காப்பாற்றித் தர முடியாது. அதனால் தேர்தலை மட்டுமே நடத்தித் தர முடியும்.

சட்டம் நமக்கு நிறையவே இடம் கொடுத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது. 1992-ல் டெல்லி ஸ்டீபன் கல்லூரி வழக்கில், தன் சமுதாயப் பிள்ளைகளுக்குப் பாதி இடம் வரை ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1958-லேயே, கேரளக் கல்வி மசோதா விஷயத்தில், நிர்வகிக்கும் உரிமை என்பது சீரழிக்கும் உரிமை ஆகாது என்ற கருத்தையும் அதே நீதிமன்றம் சொல்லி வைத்தது. நம் ஆட்கள் முதல் பாதியை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இரண்டாவது பாதி வரும்போது இருமல் வந்துவிடும்.

இப்போது நேரடியாகவே பேசுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பிள்ளை. அப்பா உப்பளத்தில் வாரு பலகை பிடித்தவர், அம்மா உப்புச் சுமந்தவர். வெயில் உப்பில் பட்டுத் தெறித்துக் கண் கூசும் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை எம்.எஸ்ஸி. முடித்து, நெட் தேர்ச்சி பெற்று, முனைவர் பட்டமும் வாங்கியது. ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் காலியானது. பேர் எழுத மாட்டேன், ஊரும் எழுத மாட்டேன். நேர்முகத் தேர்வுக்கு முன்னாலேயே ஒருவர் வீட்டுக்கு வந்து "என்ன ஏற்பாடு பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கேட்டார். அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர், நாங்க உப்பு சுமந்து படிக்க வச்சோம். இனி எதைச் சுமக்க?"

அந்தப் பிள்ளை இன்று வெளிமாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நன்றாக இருக்கிறது. நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு இல்லை, நமக்குத்தான். உப்பளத்து வீட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் நின்று வேதியியல் நடத்தியிருக்க வேண்டிய இடம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பிரசங்கம் எந்தக் கல்லூரி சேப்பலில் நடந்துவிடும்?

"எல்லா இடத்துலயும் இருக்கிறதுதானே டீச்சர், நம்மள மட்டும் ஏன் சொல்றீங்க?" என்று பின்னூட்டம் வரும். தெரியும். எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் மற்ற இடத்தில் வாசலில் சிலுவை வைத்திருக்கவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். சோற்றுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கைப்பிடி போகும். நம் சபையின் பள்ளிக்கூடமும் கல்லூரியும் அப்படிக் கொடுத்துப் பழகிய மக்களின் சொத்து. சாராள் தக்கர் என்ற நடமாட முடியாத இங்கிலாந்துப் பெண், இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே நம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று விரும்பினார். பாளையங்கோட்டையில் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. இத்தனை பேர் தியாகத்தில் வந்ததை விலை வைத்து விற்பது மற்ற இடத்தில் நடக்கும் லஞ்சத்தோடு சமமாகாது. உக்கிராணக்காரன் உவமையை ஞாயிறு பள்ளியில் எல்லோருமே படித்திருக்கிறோம்.

இந்த நிலைக்கு இரண்டு மருந்து சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

முதலாவது: "சபையே வேண்டாம். கல்லூரியைப் படித்தவர்களிடம் விட்டுவிடு." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படித்தவர்களிடம் மட்டும் விட்ட கல்லூரிகளும் வியாபாரமாகப் போனதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். கேட்க ஆள் இல்லாத நிறுவனம், பேராசிரியர் கையில் இருந்தாலும் பேராயர் கையில் இருந்தாலும் கெடும். தவிர, இது ஏதோ ஒரு தனி மனிதரின் சொத்து அல்ல. கொடுத்த மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு உண்டு. அந்த மக்கள் என்பதுதான் சபை.

இரண்டாவது: "கிறிஸ்தவப் பிள்ளைக்கே இடம், கிறிஸ்தவருக்கே வேலை, காலையில் கட்டாய ஜெபம். இதைச் செய்தால் நோக்கம் நிறைவேறிவிடும்." நம் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வேறு கல்லூரிக் கதவு திறக்காத ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளை நிறைய உண்டு. ஆனால் கிறிஸ்தவர் எண்ணிக்கை வேறு, கிறிஸ்தவத் தன்மை வேறு. பணம் கொடுத்து இடம் வாங்கிய நூறு கிறிஸ்தவர் நிறைந்த கல்லூரியைவிட, பணம் கேட்காமல் திறமைக்கு இடம் கொடுத்த கல்லூரிதான் மிஷனெரி கனவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. "நம்மவர்" என்ற சொல்லுக்குள்ளேயே இந்த ஊர், இந்தக் குடும்பம், இந்தச் சாதி என்று எத்தனை கதவு மறைந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வாய் திறந்து சொல்ல மாட்டோம், தேர்தல் பட்டியலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

சரி, அப்போது எப்படித்தான் பார்ப்பது? நான் இடைநிலை ஆசிரியை. கல்லூரி நிர்வாகம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆய்வு என்றால் என்ன என்று முப்பத்து நான்கு வருஷம் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகை அதிகாரிகள் வருவார்கள். ஒருவகை, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், வருகைப்பதிவேடு, ரொக்கப்பதிவேடு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடும். இன்னொரு வகை, வகுப்புக்குள் வந்து கடைசி வரிசையில் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி, "இந்தப் பத்தியை வாசி" என்று சொல்லும். எங்களுக்குப் பயம் இரண்டாவது ஆள் மேல்தான். மரியாதையும் அவர் மேல்தான். ஏனென்றால் பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதல் வரிசைப் பிள்ளை எப்படியும் வாசித்துவிடும். கடைசி வரிசை வாசித்தால்தான் ஆசிரியர் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

சபை நம் கல்லூரிகளுக்கு அந்த இரண்டாவது வகை ஆய்வாளராக வேண்டும். இப்போது நாக் குழு வருகிறது என்றால் கல்லூரிக்கு வெள்ளையடிக்கிறார்கள், கோலம் போடுகிறார்கள், ஏழெட்டுக் கோப்பு தயாரிக்கிறார்கள். கொடுத்து வளர்த்த சபை வருகிறது என்று என்றைக்காவது ஒரு கோப்பு தயாரானதுண்டா? கல்லூரி ஞாயிறு அன்று காணிக்கைக் கவர் மட்டும் நம்மிடம் வருகிறது.

என் மனதில் இருப்பதை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. ஒவ்வொரு கல்லூரியும் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு பக்க அறிக்கை சபைகளுக்குக் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைகள் எத்தனை? மீனவர், உப்பளத் தொழிலாளர், பனைத்தொழிலாளர் வீட்டிலிருந்து எத்தனை? சேர்ந்தவர்களில் பாதியில் நின்றவர் எத்தனை, ஏன்? கட்டணம் தள்ளுபடி எத்தனை பேருக்கு? இதை ஆலயத்தில் வாசிக்க வேண்டும். திருமண அறிவிப்பு வாசிக்கிறோம், இதையும் வாசிக்கலாம்.

2. பணி நியமனத்தில், விண்ணப்பித்தவர் பட்டியலும், தகுதி மதிப்பெண்ணும், தேர்வானவர் யார் என்பதும் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். தேர்வுக் குழுவில் திருமண்டலப் பதவி எதிலும் இல்லாத வெளிப் பேராசிரியர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கிற இடத்தில் "ஏற்பாடு" பேச ஆள் வராது.

3. தாளாளர் பதவி தேர்தலில் ஜெயித்த அணிக்குப் பரிசாகப் போகக் கூடாது. கல்வி தெரிந்தவருக்குப் போக வேண்டும். திருமண்டலத் தேர்தலில் நிற்கிறவர் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது.

4. பேராயரும் சபையும் பாடத்திலும் ஆய்விலும் கை வைக்கக் கூடாது. வகுப்பில் டார்வின் நடத்தலாமா, பெரியார் நடத்தலாமா என்று கேட்பது சபையின் வேலை அல்ல. போப் திருவாசகத்தைத் தொட்டபோது யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. நோக்கத்துக்குக் கணக்குக் கேளுங்கள், சிந்தனைக்குக் கடிவாளம் போடாதீர்கள்.

5. கடைசியாக, வருகை. வருஷத்தில் இரண்டு நாள் சேகரத்துக்கு இரண்டு பேராகக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். முதல்வர் அறையில் காபி குடிப்பதற்காகப் போகக் கூடாது. விடுதிச் சாப்பாட்டை மாணவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கழிப்பறையைப் பார்க்க வேண்டும். பின் வரிசைப் பிள்ளையிடம் "நீ எந்த ஊர், உங்கப்பா என்ன பண்றார், கட்டணம் எப்படிக் கட்டின?" என்று கேட்க வேண்டும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. புதுச் சட்டமும் வேண்டியதில்லை. வேண்டுமென்று நினைத்தால் வருகிற பெருமன்றத்திலேயே தீர்மானம் போடலாம்.

"போட மாட்டாங்க டீச்சர்" என்று சொல்வீர்கள். சும்மா இருந்தால் போட மாட்டார்கள்தான். கேட்டால்? ஓட்டுக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அண்ணாச்சி என்று மரியாதையாகவே கூப்பிடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். நியமனப் பட்டியலை வெளியிடச் சொல்லி மன்றத்தில் எழுந்து பேசுவீர்களா? உங்கள் மகனோ மருமகளோ நம் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா? கடைசியாக எப்போது நம் கல்லூரி வகுப்பறைக்குள் போனீர்கள்? பதிலை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டுப்பாடம் திருத்தியது போல மூன்று வருஷம் கழித்து நீங்கள் திருத்தலாம்.

கல்லூரியில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் கொடுத்துத்தான் உள்ளே போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடனை அடைக்க நகையை விற்றதும் தெரியும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. உங்களை அந்த இடத்தில் நிறுத்தியது இந்த அமைப்பு. ஆனால் அடுத்து வரும் பிள்ளை கொடுக்காமல் வருவதற்கு உங்கள் வாய்தான் திறக்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் பேசினால்தான் வெளியே இருக்கிறவர் நம்புவார்.

குருவானவர்களாக இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. மாற்றல் பயம் உங்களுக்கு உண்டு என்று தெரியும். அணியைப் பற்றிப் பிரசங்கத்தில் பேச வேண்டாம். கல்லூரிக்கு வருகைக் குழு அமைக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சேகர மன்றக் கூட்டத்தில் பொருளாக வையுங்கள். அதற்கு யாரும் மாற்றல் போட முடியாது.

இந்தக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்தில் குளிப்பு அறிவிக்கும் முன், சிப்பி எடுத்து அறுத்து, உள்ளே முத்து விளைந்திருக்கிறதா என்று மாதிரி பார்ப்பார்கள். பார் நிறையச் சிப்பி கிடந்தால் மட்டும் போதாது. வெளியே எத்தனை பளபளப்பு என்று அவர்கள் கேட்கவில்லை, திறந்து பார்த்தார்கள். கல்லூரிகளையும் திறந்து பாருங்கள் என்பதைத் தவிர நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், அணிச் சண்டை மட்டும் வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். இந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வந்தவர் உங்கள் மூன்று கேள்விக்கும் என்ன சொன்னார் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் டீச்சர்,
தூத்துக்குடி